டைபீரியஸுக்கு ஒரு வக்காலத்து

அக்கா,

வெள்ளிக்கிழமையோடு அம்மா போய் வருஷம் ஒன்று. அன்றைக்கு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. நீதான் அங்கே இருந்தாய். போன் பண்ணினால் எடுப்பதில்லை, அதனால்தான் இங்கே. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள். பத்திர விஷயத்தைத் தொடமாட்டேன்.

காரியத்தன்று எல்லார் முன்னாலும் என்னை டைபீரியஸ் என்றாயாம், அந்த ரோமச் சக்கரவர்த்தி. சரித்திர டீச்சர் சும்மா சொல்லமாட்டாளே என்று ஒரு வருஷமாக அவனைத்தான் படிக்கிறேன்.

நீ சொன்னது சரிதான். கி.பி. 26இல் ரோமை விட்டுக் கிளம்பி காப்ரி தீவில் போய் உட்கார்ந்தவன், 37இல் சாகும்வரை நகரத்துக்குள் கால் வைக்கவில்லை. 29இல் அம்மா லிவியா போய்விட்டாள். வருகிறேன், வருகிறேன் என்று உடலை நாள்கணக்கில் காக்கவைத்தான். கடைசியில் வேலை என்று எழுதி அனுப்பினான். இரங்கலுரை சொன்னது கொள்ளுப்பேரன் கலிகுலா, மீசை முளைக்காத பையன்.

நானும் வேலை என்றுதான் சொன்னேன். லீவு தரவில்லை. சரி, நான் கேட்கவே இல்லை.

ஆனால் அவன் வரலாற்றை எழுதிய ரோமர் சூட்டோனியஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஒருநாள் தாய்க்கும் மகனுக்கும் வாக்குவாதம் முற்றி, வீட்டில் சாமி வைத்திருந்த இடத்திலிருந்து செத்துப்போன தன் புருஷன் அகஸ்டஸின் பழைய கடிதங்களை லிவியா எடுத்து வந்து படித்தாளாம். எல்லாம் மகனின் கடுகடுப்பைப் பற்றி. அவன் ஊரைவிட்டே போனதற்கு அதுதான் பெரிய காரணம் என்று சிலர் நினைத்தார்களாம்.

அதோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்பா படத்துக்குப் பின்னாலிருந்து அம்மா அந்த இன்லண்ட் லெட்டரை உருவினாள். நீலம் வெளுத்து, மடிப்பில் கிழிந்து, விரித்தால் விபூதி உதிர்ந்தது. கண்ணாடிகூடப் போடவில்லை, மனப்பாடம். "இவன் யாரோடயும் ஒட்டமாட்டான், இவனை நம்பியிருக்காதே." நீ வாசல்படியில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாய். கை நிற்கவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அக்கா. நான் சம்பளத்துக்காகத்தான் போனேன் என்று சித்தப்பா நம்புகிறார். நம்பிவிட்டுப் போகட்டும்.

தேசத்துரோக வழக்கு என்று டைபீரியஸ் கொன்று போட்டதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 17இல் நிலநடுக்கம் வந்து சார்டிஸ் நகரம் தரைமட்டமானபோது 1 கோடி செஸ்டர்ஸ், அதாவது ரோமக் காசு, கொடுத்து, 5 வருஷ வரியையும் விட்டுக்கொடுத்தவன் அவன்தான். சாகும்போது கஜானாவில் 270 கோடி. இரங்கலுரை சொன்ன அந்தப் பிள்ளைதான் அடுத்துப் பட்டமேறி அதை ஒரு வருஷத்துக்குள் கரைத்தான். நானும் மாசம் தவறாமல் பணம்... எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்குத் துணி மாற்றியது நீ.

நம் கொங்குப் பக்கம் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அவன் காசு நிறைய உண்டு என்று நீதான் படம் காட்டினாய். ஒரு பக்கம் அவன் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். லிவியாவாகத்தான் இருக்கும் என்றாய். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

டிக்கெட் போட்டுவிட்டேன். வியாழன் ராத்திரி வந்துவிடுவேன். கதவைத் திறந்தால் போதும், பேச வேண்டாம். அந்த லெட்டர் உன்னிடம்தான் இருக்கும். அம்மா அன்றைக்கு ஒரு வரிதான் படித்தாள். மீதியை நான் பார்த்ததே இல்லை. எடுத்து வை.