முதல் ஆட்டத்தை நடத்தித் தந்தவருக்கு நன்றி

மேசையைச் சுற்றி அமர்ந்து கதைமாந்தராகவே மாறி ஆடும் விளையாட்டு ஒன்று இருப்பதைக்கூட அறியாதிருந்த எனக்கு, விதிநூலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், நேராக ஆட்டத்தில் இடம் தந்த, பெயர் கேட்டுக்கொள்ள வாய்க்காத ஆட்ட நடத்துநரே, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் இவ்வகை விளையாட்டு 1974இல் வெளிவந்தபோது, அதன் மூன்று சிறு நூல்களும் போர் உத்தி விளையாட்டுகளில் பழகியவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தன. புதியவர்களுக்கான அறிமுகத் தொகுப்பு 1977இல்தான் வந்தது. எனவே தொடக்கக் காலத்தில் பலர் இதை நூலிலிருந்து அல்ல, ஏற்கெனவே ஆடிய ஒருவரிடமிருந்தே கற்றார்கள். காணொளிகள் நிறைந்துவிட்ட இன்றும் அதுவே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து.

அன்றைய ஆட்டத்தின் கதையில் எதிர்ப்பட்ட வாயிற்காவலனைத் தாக்குவதென்று மற்றவர்கள் முடிவு செய்திருக்க, அவனிடம் பேசிப் பார்க்கலாமா என்று நான் தயங்கிக் கேட்டதும், அதற்கு விதி உண்டா என்று நீங்கள் தேடவில்லை. இருபது முகப் பகடையை என்னிடம் நீட்டி, குறைந்தது எந்த எண் விழுந்தால் அவன் இணங்குவான் என்பதை மட்டும் சொன்னீர்கள். குறைந்த எண்ணே விழுந்தது. ஆயினும் அத்துடன் வழியை அடைத்துவிடாமல், காவலன் எங்களை உள்ளே விட்டுவிட்டு, ஐயத்தோடு மறைந்து பின்தொடர்வதாகக் கதையை வளர்த்தீர்கள். ஆடுபவர்களின் தோல்வியும் கதையை முன்னகர்த்தும் என்பதை எந்த விளக்கமும் இன்றி அப்போதே உணர்ந்தேன்.

இப்போது புதியவர்களுக்கு நானே ஆட்டம் நடத்துகிறேன். அவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கேட்கும்போது மறுக்காமல் இடம்கொடுக்கும் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது, ஐயா.