கைகட்டி நிற்காதே

இரங்கூன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். உன் கல்லூரியின் மாணவர் நடத்தை விதிகளை அத்தை மகனைக் கொண்டு இணையத்திலிருந்து எடுத்து, அகராதியை அருகில் வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்து முடித்தேன். பொழுது போகாமல்தான் வாசித்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில், வகுப்புக்கு இடையூறு செய்யும் மாணவனை ஆசிரியர் அன்றைய வகுப்பிலிருந்தும் அடுத்த வகுப்பிலிருந்தும் மட்டுமே விலக்கி வைக்க முடியும் என்பதும், அதற்கு மேல் இடைநீக்கம் என்று போவதானால் குற்றச்சாட்டை அவனுக்குத் தெரிவித்து அவன் பதிலைக் கேட்ட பிறகே பொதுவாகப் போக வேண்டும் என்பதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறர் எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பது பற்றியும், கணினி எழுதித் தருவதைக் கொடுப்பது பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. நீயும் அதை வாசித்திருப்பாய்.

உன்னைப் பற்றிக் கல்லூரிக்கே எழுதிக் கேட்கலாமா என்று நினைத்தேன். அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவனின் பதிவுகள் மீதான உரிமை அவனுக்கே போய்விடுகிறது. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து பணம் கட்டும் தகப்பனுக்கு, மகன் எழுதிக் கொடுத்தாலொழியக் காட்ட மாட்டார்கள். நல்ல சட்டம்தான், மகன் வாய் திறக்கும் வரையில். இங்கே 1988இல் மூடிய பல்கலைக்கழகங்கள் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்து, 1996இல் மறுபடி மூடி, 2000இல்தான் திறந்தன. பிள்ளை அரசியலில் சேர மாட்டான் என்று பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்த காலம் அது. சித்தப்பாவுக்காகத் தாத்தா போட்ட கையெழுத்தை நீ பார்த்திருக்கிறாய்.

வேதியியலில் நீ வாங்கிய மதிப்பெண்ணை அம்மா கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். அந்தச் செய்தியைச் சொல்ல நள்ளிரவென்றும் பாராமல் அழைத்தவன் நீ. இப்போது "வேலை அதிகம், அப்பா" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறாய்.

எந்தப் பாடத்தையும் அவசரப்பட்டுக் கைவிடாதே. மாணவர் விசாவில் இருப்பவன் பருவத்துக்கு 12 யூனிட் பாடங்களுக்குக் குறையக் கூடாது; குறைவதானால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கைவிட்டுவிட்டுப் பிறகு போய்ச் சொல்வது பயன்படாது. இடைநீக்கம் என்றாலும் விசா நிலைக்கே ஆபத்து. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களைப் படைக்கு அழைக்கும் சட்டம் 2024 பிப்ரவரியில் இங்கே நடப்புக்கு வந்ததை நீ அறிவாய்; கடிதத்தில் அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், முதலில் அனுமதி, பிறகே எதுவும்.

இன்னொன்று. புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என ஐவரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கும் நாட்டில் படித்த நீ, பெரியவர் எதிரே போனாலே கைகட்டித் தலைகுனிந்து நிற்பாய். அப்படி நிற்கும்படி அடித்து வளர்த்தவர்களில் நானும் ஒருவன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அங்கே டீனின் அறையில், கேட்டதற்கெல்லாம் மரியாதைக்காக "ஆம், ஐயா" என்றால் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். போகாமல் இருந்துவிட்டால் நீ இல்லாமலே முடிவெடுத்துவிடவும் கூடும். செய்திருந்தால் செய்தேன் என்று சொல். செய்யாததற்குத் தலையாட்டாதே. அவர்கள் சந்தேகப்படும் அந்தக் கட்டுரைக்காக நீ எழுதிய பழைய வரைவுகளும் குறிப்புகளும் கணினியில் இருந்தால் அழிக்காமல் எடுத்துப் போ. உடன் ஒருவரை அழைத்துவர அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்.

அக்காவைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் கேட்டேன். அவளுக்கு நீ அனுப்பிய, கல்லூரிக் கடிதத்தின் படத்தை எனக்கும் அனுப்பு. விசாரணை எந்தத் தேதியில் என்பதையும் எழுது. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இங்கே இரவில் மின்சாரம் வருவது நிச்சயமில்லை. எங்களுக்குக் காலையாக இருக்கும்போது, அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் அழை.

அன்புடன்,
அப்பா