குஞ்சு மீன் இறங்குகிற இடம்

தேவகோட்டை
மாசி 3

அன்புள்ள மீனாளுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முன்னோருக்குப் படைக்கிற வீட்டுப் படைப்புக்கு வந்திருந்த பங்காளிகள் எல்லாரும் ஊர் திரும்ப நாலு நாள் ஆனதால் உடனே பதில் போட முடியவில்லை. அண்டா குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்து, இரண்டாம் கட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முகப்பில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

"பினாங்கு, சென்னை, இப்போது மகனோடு பெங்களூரு. அலையில் வந்த கட்டை எங்கே ஒதுங்கினால் என்ன வள்ளி" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஊர் வீட்டுப் பங்கை விற்பதா வேண்டாமா என்று நீ கேட்டதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் போன மாதம் ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் இருக்கும் மண்டபம் ஊரில் நான் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும். பார்த்த நாளிலிருந்து யாரிடமாவது முழுதாகச் சொல்லத் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை பேத்தி உமையாளை உனக்கு நினைவிருக்கும். அவள் காதுகுத்துக்கு நீ வந்திருந்தாய். இப்போது கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறாள். பவளப்பாறையில் வாழும் மீன்களின் குஞ்சுகள், குடியிருக்கும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதுதான் அவள் படிப்பு. "நீங்க விலங்கியல் டீச்சர்தானே ஆயா, வந்து பாருங்க" என்று என்னைக் கூட்டிப்போனாள்.

ஒரு கண்ணாடிக் குவளையில் கடல் தண்ணீரை ஊற்றி, அதில் ஒன்றே ஒன்றை விட்டு, கையில் லென்ஸைக் கொடுத்தாள். முதலில் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. "கண்ணைத் தேடுங்க" என்றாள். இரண்டு கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தன. எள்ளை விடச் சிறிசு. அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் உடம்பு மெல்லத் துலங்கியது. மொத்த நீளமே ஒரு புழுங்கலரிசி இருக்கும். பாதி உடம்பு கண்ணாடி, மீதியில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. முதுகெலும்பு நூல் மாதிரி தெரிந்தது. தலைக்குப் பின்னால் மட்டும் பால் சொட்டினது போல ஒரு வெள்ளைக் கீற்று விழ ஆரம்பித்திருந்தது. கோமாளி மீனின் குஞ்சு, பொரித்துப் பத்து நாள் ஆகிறதாம். பெரிய மீனுக்கு இருக்கிற பட்டைகளில் முதல் பட்டை அதுதான். நடு உடம்புப் பட்டை அடுத்து வருமாம். அந்த அரிசி மணி தண்ணீரைச் சும்மா அளைந்துகொண்டிருக்கவில்லை மீனாள். குவளையை நான் திருப்பினால் அதுவும் திரும்பி எதிர்ப்பக்கம் நீந்தியது.

முப்பது வருடத்துக்கு மேல் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று யோசித்தேன். மீன் முட்டையிடும், குஞ்சுகள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும், தப்பிப் பிழைத்தவை கரை சேரும். இப்படித்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். கடல் கொண்டுபோய்த் தள்ளும் இடமே குஞ்சுக்கு வீடு.

பொரிக்கும் வரைக்கும் நான் நடத்தியது சரிதான். கடல் சாமந்தி என்று ஒரு உயிர், பூப்போல விரிந்து பாறையில் ஒட்டிக்கிடக்கும். அதன் அடியில் கோமாளி மீன் முட்டையிடும். ஆண்மீன் ஏறத்தாழ ஒரு வாரம் அந்த முட்டைகளை விசிறிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் காவல் இருக்கும். இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவந்து அப்படியே நடுக்கடலுக்குப் போய்விடும். பாரைச் சுற்றித் தின்பதற்குக் காத்திருக்கும் வாய்கள் அதிகம். (மீன்பிடிக்கிறவர்கள் பவளப்பாறையைப் 'பார்' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதே வாயில் வந்துவிட்டது.) கோமாளிக் குஞ்சு வெளியே இருப்பது பத்துப் பன்னிரண்டு நாள். மற்ற இனங்களுக்கு மூன்று வாரம், ஒரு மாதம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

அதற்கு அப்புறம் நடப்பதைத்தான் நான் தப்பாக நடத்தியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் இந்தக் குஞ்சுகளை, பாரில் இறங்கிக் குடியேறப்போகும் பருவத்தில் பிடித்து, ஓடுகிற தண்ணீரில் எதிர்த்து நீந்த விட்டுப் பார்த்தார்கள். இரை எதுவும் கொடுக்காமல். ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு அவை சராசரியாக 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஈடாக நீந்தின. நம் ஊரிலிருந்து தொண்டிக் கடற்கரை ஏறக்குறைய அவ்வளவு தூரம் வரும்.

எங்கே போய்ச் சேருகின்றன என்பதையும் பார்த்திருக்கிறார்கள். லிசார்டு தீவு என்று ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒரு தீவு. அங்கே ஒரு சின்ன மீன் இனத்தின் 1 கோடி முட்டைகளுக்கு டெட்ராசைக்ளின் ஏற்றினார்கள். நாம் காய்ச்சலுக்கு விழுங்கினோமே, அதே மருந்து. அது குஞ்சின் காதுக்குள் இருக்கும் கல்லில் படிந்து, தனி விளக்கில் பார்த்தால் ஒளிரும். பிறகு அந்தத் தீவில் வந்து இறங்கிய 5,000 குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்ததில் 15 குஞ்சுகளிடம் அந்த அடையாளம் இருந்தது. 15 தானா என்று எனக்கும் முதலில் சப்பென்று போனது. உமையாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். தீவில் இட்ட முட்டைகளில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் அவர்கள் தொடவே இல்லை. அதிலேயே இத்தனை திரும்பியிருக்கிறது என்றால், அங்கே இறங்கிய குஞ்சுகளில் 100க்கு 15 முதல் 60 வரை அந்தத் தீவிலேயே பிறந்தவை என்று ஆகிறது. இது 1999இல் வெளிவந்தது. பாப்புவா நியூ கினியில் கிம்பே என்ற சின்னத் தீவில் 2007 வாக்கில் கோமாளி மீனைப் பார்த்தபோதும், இறங்கிய குஞ்சுகளில் 60 சதவீதம் அதே தீவில் பிறந்தவை. வெறும் கட்டையாக மிதந்தால் இது நடக்குமா?

சரி, எப்படித் திரும்பி வருகின்றன? சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கின்றன என்று ஒரு இனத்தில் கண்டிருக்கிறார்கள். வாசனையும் உண்டு. கோமாளி மீனுக்கு, முட்டைக்குள் இருக்கும்போதே பக்கத்திலிருக்கும் சாமந்தியின் வாசம் மனசில் படிந்துவிடுகிறதாம். பிறகு தண்ணீரில் அந்த வாசத்தைத் தேடிப் போகிறது. இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஆயா வீட்டு உக்கிராண அறை ஞாபகம் வந்தது. அந்தப் பழைய புளியும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் எங்கே வந்தாலும் கால் நின்றுவிடுகிறது.

ஆனால் என்னை உலுக்கியது சத்தம்தான்.

மறுநாள் குந்துகாலிலிருந்து படகில் குருசடைத் தீவுப் பக்கம் போனோம். கடல் தட்டு மாதிரி கிடந்தது, காற்றே இல்லை. தண்ணீருக்குள் இறக்குகிற மைக் ஒன்றைக் கயிற்றில் விட்டு, என் காதில் கருவியை மாட்டினாள். மீனாள், கடலுக்கு அடியில் யாரோ ஓயாமல் கடுகு தாளித்துக்கொண்டிருக்கிறார்கள்! அப்படியே அந்தச் சத்தம்தான். எண்ணெய் நன்றாகக் காய்ந்த இருப்புச்சட்டியில் ஒரு கை கடுகைப் போட்டு மூடாமல் விட்டால் எப்படிப் படபடக்குமோ, அப்படி. எல்லாம் விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறாலின் வேலை. ஒரு கொடுக்கைப் படாரென்று மூடும், அதில் கிளம்பும் நீர்க்குமிழி உடையும் சத்தம் அது. அதற்கு நடுவே அவ்வப்போது கிர் கிர் என்று மீன்கள் உறுமுகின்றன. எங்கோ கிளிமீன் பாறையைச் சுரண்டுகிறது. நான் எத்தனை தடவை ராமேஸ்வரத்துக்கு அந்தக் கடலைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு தடவையும் இதைக் கேட்டதில்லை.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் குஞ்சுகள் இருட்டில் பாரை நோக்கி வருகின்றன. 2005இல் வந்த ஆராய்ச்சி ஒன்று. அதே லிசார்டு தீவில், மணல் தரையில் செத்த பவளத் துண்டுகளைக் கொட்டி 24 சின்னப் பார் கட்டினார்கள். சிலவற்றில் மட்டும் ஒலிபெருக்கி வைத்து இரவில் நல்ல பாரின் சத்தத்தைப் போட்டார்கள். சத்தம் கேட்ட பாருக்குத்தான் குஞ்சுகள் அதிகம் வந்தன. பிறகு 2016இல் கடல் சூடாகி அங்கே நிறையப் பவளம் வெளுத்துச் செத்தது. அதற்குப் பின் பார்த்தால் அந்தப் பார்களே சத்தம் அடங்கிப்போயிருந்தன. அந்த அடங்கிய சத்தத்தைப் போட்டுப் பார்த்தபோது குஞ்சுகள் முன்போல வரவில்லை. பாழடைந்த இடத்தில் பழைய, உயிருள்ள காலத்துச் சத்தத்தை 40 நாள் போட்டார்கள். வந்து சேர்ந்த மீன்கள் இரண்டு மடங்கு ஆயின. இது 2019. சத்தம் மட்டும் இருந்தால் பவளம் பிழைத்துவிடாது, ஆனால் மீன் வந்து பாசியை மேய்ந்தால் பவளம் திரும்பி வளர வழி கிடைக்கும் என்று உமையாள் சொன்னாள். நம் மன்னார் வளைகுடாவிலும் 2016இல் நிறையப் பவளம் போய்விட்டது. அதற்கு முன் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்ததில், இருந்த 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மிப்போனது. அந்தப் பிள்ளை இந்தக் கடலை அவ்வளவு நேசிக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்த கையோடுதான் இங்கே படைப்பு நடந்தது. எங்கள் தெருவில் இப்போது பதினொரு வீட்டில் ஏழு பூட்டிக் கிடக்கிறது. மேற்கே இருந்த வீட்டைப் பிரித்து, பர்மா தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் சுத்தியல் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. படைப்பன்று விடியற்காலை நாலு மணிக்கு வளவில் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓட ஆரம்பித்தன. எட்டு மணிக்குள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை, பிள்ளைகளாக வந்து திண்ணையில் ஏறிவிட்டன. எதிர்ச் சந்தில் குடிவந்திருக்கும் வேற்றூர்க் குடும்பத்துப் பிள்ளைகள்கூட. யாரும் அழைக்கவில்லை. ஒரு பெண்குழந்தை நேராக உள்ளே வந்து, நடுவாசலில் நின்று, ஆத்தங்குடிக் கல்லில் காலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மீன்குஞ்சுகள் பாரில் வந்து இறங்கிவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று இல்லை. பெரும்பாலும் நிலா இல்லாத ராத்திரியாகப் பார்த்து வருகின்றன. அப்படி வந்தும், முதல் ஓரிரு நாளிலேயே பாதிக்கு மேல் இரையாகிப்போகின்றன. கோமாளி மீன் விஷயத்தில், ஒரு சாமந்தியில் ஏற்கெனவே பெரியவள், அவளுக்கு அடுத்தவன், அதற்கடுத்துச் சின்னதுகள் என்று வரிசை இருக்கும். புதிதாக வந்தது கடைசியில் நிற்க வேண்டும். அடித்துத் துரத்தவும் துரத்துவார்கள். நீ பத்தொன்பது வயதில் பினாங்கிலிருந்து எழுதிய முதல் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. "வீட்டில் ஒன்பது பேர், சாப்பாட்டிலும் பேச்சிலும் நான் பத்தாவது" என்று எழுதியிருந்தாய்.

அதனால்தான் உன் கட்டை விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உன்னைக் கப்பலேற்றியது நீயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போய் வேலை கேட்டது யார்? அவர் போன பிறகு, அண்ணன் வீட்டுக்கு வா என்று எல்லாரும் கூப்பிட்டபோது, சென்னையில் தனியாக வீடு பிடித்தது யார்? உமையாள் நுண்ணோக்கியில் ஒரு மீனின் காதுக்கல்லைக் காட்டினாள். மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அதுபோல வளையங்கள், நாளுக்கு ஒன்று. கடலில் திரிந்த நாட்களை எண்ணிவிடலாம். இறங்கிய ராத்திரிக்கு அங்கே தனியாக ஒரு கோடு. அதற்கு உள்ளே இருக்கும் வளையங்கள் ஒரு மாதிரி, வெளியே இருப்பவை வேறு மாதிரி. அந்தக் கோட்டைப் பார்த்தபோது நான் உன்னைத்தான் நினைத்தேன்.

பங்கை விற்பது பற்றி: அது உன் முடிவு. மகனுக்குப் பணம் தேவை என்றால் நான் குறுக்கே பேச மாட்டேன். பெங்களூரில் உன் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அதுவும் பெரிய சத்தம்தான். ஆனால் ஒரு தடவை வந்து இரண்டு ராத்திரி அந்த வீட்டில் படுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. இதை உரிமையோடு கேட்கிறேன்.

இந்த வருடம் ஊருணி நிறைந்து படிவரை தண்ணீர் நிற்கிறது. கால் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கொரியரில் போட்டிருக்கிறேன். மாவுருண்டையை முதலில் சாப்பிடு, நெய் அதிகம்.

உன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் சொல்லு, கூட்டித் துடைத்து அடுப்பு மூட்டி வைக்கிறேன். பங்குனியில் உமையாள் மறுபடி படகில் போகிறாள். உனக்கும் ஒரு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
வள்ளியம்மை