குடியிருப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்களுக்கு வணக்கம். கொடியேற்றம், பொங்கல் விழா, கொசு மருந்து அடித்தது எல்லாம் வழக்கம்போல நடந்தன. தெருவிளக்குக்கு மூன்று முறை மனு கொடுத்தோம், இப்போது எரிகிறது.

பூங்கா இடத்து எருக்கஞ்செடிகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜேசிபி விட்டு வழித்துவிடலாம் என்று போன பொதுக்குழுவில் பேச்சு வந்தபோது தடுத்தவன் நான்தான், இன்றும் அதையேதான் சொல்வேன். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அந்த இலையில். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட அதன் புழு, பால் வடியும் இலையைத் தின்றே வளர்கிறது, அந்த நஞ்சு உடம்பில் தங்குவதால் குருவிகள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஐப்பசியில் ஒரே செடியில் 11 புழு எண்ணினேன். பூவுக்குக் கருவண்டு வருகிறது, தேன்சிட்டு விதைப்பஞ்சைக் கொத்திக்கொண்டு போய்க் கூட்டுக்குள் வைக்கிறது.

பரவுகிறது என்ற புகாரும் உண்மைதான். ஒரு காய் வெடித்தால் போதும், விதைகள் பஞ்சோடு பறந்து மொட்டைமாடி விரிசலில்கூட முளைத்துவிடும், வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். காயைப் பச்சையிலேயே பறித்துவிட வேண்டும், கன்றுகளை மழை ஈரம் காய்வதற்குள் வேரோடு பிடுங்க வேண்டும். இதற்காக மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். வாட்ஸ்அப்பில் 40 பேர் சரி என்றார்கள், வந்தது 4 பேர், அதில் இருவர் 70 தாண்டியவர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று என் செலவில் வாங்கி வைத்த கையுறையும் கண்ணாடியும் பாதிக்குமேல் பிரிக்காமலே கிடக்கின்றன. எங்களால் முடியாமல் விட்ட வடக்கு மூலைக் காய்கள் பங்குனியில் வெடித்தன. கோடை மழைக்கு மூன்றாம் தெரு சாக்கடையோரம் முழுக்கக் கன்று, இப்போது அது "செயலாளர் வளர்த்த செடி" ஆகிவிட்டது. பிள்ளையார் சதுர்த்தி மாலைக்குப் பூ பறிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அன்று வந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

வரவுக்குள் செலவு அடங்கியது, கொஞ்சம் கையிருப்பும் உண்டு, கணக்கைப் பொருளாளரிடம் பார்க்கலாம். 86 வீடுகளில் 31 வீட்டுச் சந்தா பாக்கி, சிலருக்கு இது இரண்டாவது வருடம். ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் பொறுப்பில் இருப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யார் வந்தாலும் சரி, சுவரோரம் 12 செடியை விட்டுவிட்டு மற்றதை வேரோடு எடுக்க வேண்டும். சந்தா பாக்கி வந்தால் இரண்டு நாள் கூலிக்கு ஆள் வைக்கலாம். வராவிட்டால் தை கடைசி ஞாயிறு காலை 6.30க்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், கையுறை என்னிடம் இருக்கிறது.