சொனியை விற்க முதல் இதை வாசி

மச்சான் குகன்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. ஏசாதே, ஆவணி முழுக்க முகூர்த்தம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததாம், ஜெயா சொன்னான். சந்தோஷம்.

உன் இரண்டு சொனி கமராவையும் விற்று ஒரு லைக்கா எம்11 கமரா வாங்கப் போகிறாயாம். லைக்காவின் அந்தச் சிவப்புப் புள்ளிச் சின்னத்தில் உனக்குள்ள மோகம் பம்பலப்பிட்டிக் காலத்திலேயே எங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆனால் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற உனக்கு இது சோற்றுப் பிரச்சினை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2022 ஜனவரியில் வந்தபோது பொடி (லென்ஸ் இல்லாத கமரா) மட்டும் 8,995 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 27 இலட்சம்; வரி வேறு, லென்ஸ் வேறு. காசை விடு, தாலி கட்டும் நேரத்தை யோசி. ஓமப் புகை, கெட்டிமேளம், அட்சதையோடு எல்லாரும் எழும்பி முன்னால் வருவார்கள். மாப்பிள்ளையின் கைக்கும் உனக்கும் ஒரு மீற்றர் இருந்தால் பெரிய விஷயம். எம்11 தானாகக் குவியாது; ரேஞ்ச்பைண்டர் என்ற கண்ணாடியில் தெரியும் இரண்டு உருவத்தைக் கையால் ஒன்றாக்கித்தான் குவிக்க வேண்டும். அது 0.7 மீற்றருக்குக் கிட்டப் பிடிக்காது. 50 எம்எம் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.4க்கு அகலத் திறந்தால் ஒரு மீற்றரில் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்றிமீற்றர்தான். முடிச்சு துலங்கினால் பொம்பிளையின் கண் போய்விடும். 5.6க்கு மூடினால் 13 சென்றிமீற்றர் கிடைக்கும், ஆனால் 800இல் இருந்த ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்வு) 12,800க்கு ஏறும், படம் மணல் மணலாகும். சொனி கண்ணைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதை விற்கவா போகிறாய்?

கார்ட் போடவும் ஒரே இடம்தான். உள்ளே 64 ஜிபி இருக்கிறது, பிரதி அதில் எழுதலாம். ஆனால் 60 மெகாபிக்சல் ராவ் (சுருக்காத மூலப் படம்) ஒன்று 70 எம்பிக்குக் குறையாது. 900 சொச்சம் படத்துக்குள் நிரம்பிவிடும். 18 மெகாபிக்சலுக்கு இறக்கி எடுக்கலாம்தான், அதற்கு 27 இலட்சமா?

விலை கூடிய கமரா எல்லாம் வீண் பந்தா என்று சிவா சொல்வான். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உதாரணத்துக்கு ஹசல்பிளாட் எக்ஸ்2டி கமராவைப் பார். காலிமுகத்திடலில் உச்சி வெயில், சோடிக்குப் பிளாஷ் அடிக்க வேண்டும். உன் கமராவில் பிளாஷோடு ஷட்டர் 1/250 செக்கனுக்கு மேல் போக முடியாது. ஐஎஸ்ஓ 100இல் எஃப் 11க்கு மூட வேண்டிவரும். பொம்பிளையின் தலைக்குப் பின்னால் இறால் வடைக் கடைப் பலகை எழுத்தெழுத்தாக வாசிக்கலாம். அதைவிட வேகமான ஷட்டருக்காக ஹைஸ்பீட் சிங்க் என்ற முறையைப் போட்டால் பிளாஷின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். ஹசல்பிளாட்டில் ஷட்டர் லென்ஸுக்குள்ளே இருக்கிறது, எந்த வேகத்திலும் முழுதாகத் திறக்கும். ஐஎஸ்ஓ 64, 1/2000, எஃப் 2.8: அதே வெயிலில் கடல் குழைந்து நிற்கும், முகம் எழும்பி வரும். ஒரு விஷயம் மட்டும் கவனி. பெரிய பிளாஷ்கள் முழுப் பலத்தில் 1/200 செக்கன் அளவுக்கு எரியும். 1/2000 ஷட்டர் அதில் பாதிக்கு மேல் வெட்டிவிடும். பிளாஷின் பலத்தைக் கால் பங்குக்கோ அதற்குக் கீழோ இறக்கி, சொஃப்ட்பொக்ஸை ஒன்றரை மீற்றருக்குக் கிட்டக் கொண்டுவா.

சொனி ஏ9 மூன்றில் எந்த வேகத்திலும் பிளாஷ் அடிக்கலாம், உண்மைதான். ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250. அதே எஃப் 2.8க்கு 1/8000 கேட்கும், அங்கே பிளாஷ் இன்னும் வெட்டுப்படும்.

ஆக, விளம்பரமும் முன்படப்பிடிப்பும் வாரா வாரம் இருக்கிறவனுக்கு ஹசல்பிளாட் உழைத்துக் கொடுக்கும். மண்டபக் கல்யாணத்தை நம்பி இருக்கிற உனக்கு இப்போது வேண்டாம். லைக்காவில் லென்ஸ்தான் பொக்கிஷம்: 1954ஆம் ஆண்டு எம் லென்ஸ் இன்றைக்கும் எம்11இல் பொருந்தும். பழைய 50 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்கி அடப்டரில் சொனியில் போடு. 28, 35 எம்எம் வேண்டாம்; சொனி சென்சருக்கு மேலுள்ள கண்ணாடி தடிப்பு, மூலை மங்கும்.

இல்லை, எம் பொடிதான் வேண்டும் என்றால், அதை விற்கிற அந்த வெள்ளவத்தை ஆளிடம் காசு கொடுக்க முதல் கமராவை வெளியே கொண்டுவந்து தாமரைக் கோபுரத்தைப் பார். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பினால் ரேஞ்ச்பைண்டரில் தெரியும் இரண்டு கோபுர உருவமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினாலும் மேலே கீழே விலகினாலும் வாங்காதே. பிறகு அடிமட்டத்தைச் சரித்து வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, ஒரு மீற்றரில் எடுத்து, குவித்த கோட்டில்தான் கூர்மை விழுந்திருக்கிறதா என்று பெருப்பித்துப் பார். அடிமட்டம் நான் கொண்டுவருகிறேன், எந்தச் சனிக்கிழமை வருகிறாய் என்று மட்டும் எழுது.

உன்,
வாசன்