ஆட்டு ரோமத்தில் விளைந்த டியூக் பட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் எல்லாமே 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மண்டி வில்லியமோடு வாளேந்தி வந்திறங்கியவர்களின் வாரிசுகள் என்பதுபோல் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஆட்டு ரோமம் விற்று, பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்ததான டியூக் பட்டம் வரை போன டி லா போல் குடும்பத்தை எங்கே வைப்பது?

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் கம்பளி வணிகம் செய்த வில்லியம் டி லா போல் 1332இல் அந்நகரின் முதல் மேயரானார். மூன்றாம் எட்வர்டு பிரான்சோடு போரில் இறங்கியபோது கஜானாவில் காசில்லை. 1338-39இல் மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் மன்னருக்குக் கடன் திரட்டிக் கொடுத்தார் வில்லியம். 1340 கடைசியில் அதே மன்னர் அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார். ராஜாவுக்குக் கடன் கொடுத்தவன் கதி எந்த ஊரிலும் இதுதான் போலும்!

மகன் மைக்கேல் 1383இல் சான்சலர், அதாவது மன்னரின் தலைமை அமைச்சர். 1385இல் சஃபோக் ஏர்ல், டியூக்குக்குக் கீழான பிரபுப் பட்டம். பிரான்சுப் போர்க்களங்களைக் கண்டவர்தான். ஆனாலும் தாமஸ் வால்சிங்கம் என்ற துறவி, போரைவிட வணிகத்துக்கே லாயக்கானவர் என்று தம் வரலாற்று நூலில் குத்திக்காட்டினார். 1386இல் நாடாளுமன்றம் குற்றஞ்சாட்டிப் பதவியைப் பறித்தது. பின்னர் பாரிஸுக்குத் தப்பியோடி, 1389இல் அங்கேயே இறந்தார். அவர் மகன் 1415இல் பிரான்சின் ஹார்ஃப்ளூர் முற்றுகையின்போது சீதபேதியில் இறக்க, பேரன் அடுத்த மாதமே அஜின்கோர்ட் போரில் விழுந்தார். இதற்குப் பிறகும் வணிகர் குலம் என்று இளக்காரம் பேச என்ன இருக்கிறது?

அடுத்து வந்த, அந்தப் பேரனின் தம்பி வில்லியம் 1448இல் டியூக் ஆனார். நார்மண்டி பிரான்சிடம் கைநழுவிய பழி அவர் தலையில் விழுந்து, 1450இல் நாடுகடத்தப்பட்டார். கிளம்பும் முன் சிறுவயது மகனுக்குக் கடவுளுக்கும் அரசனுக்கும் தாய்க்கும் பணிந்து நடக்கும்படி கடிதம் எழுதிவைத்தார். கடலில் கப்பலை மறித்துப் பிடித்தவர்கள், துருப்பிடித்த வாளால் அரை டஜன் வெட்டில் தலையை எடுத்து, உடலை டோவர் மணலில் போட்டார்கள் என்று அதே மாதம் எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது.

அந்த மகன் நான்காம் எட்வர்டின் தங்கையை மணந்தார். அரச ரத்தம் கலந்து அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர்கள் ஆனதே வினையானது. கொலையுண்ட டியூக்கின் பேரர்களில் ஒருவர் 1487இல் ஏழாம் ஹென்றிக்கு எதிரான ஸ்டோக் போரில் மாண்டார். ஒருவரை எட்டாம் ஹென்றி 1513இல் வெட்டிக் கொன்றார். இன்னொருவர் 1525இல் இத்தாலியின் பவியாவில் பிரெஞ்சுப் படையோடு நின்று இறந்தார்.

கட்டுரையாளர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள யூயெல்ம் கிராமத்தையும் தொட்டிருக்கலாம். கொலையுண்ட டியூக்கின் மனைவி ஆலிஸ், கவிஞர் சாசரின் பேத்தி. கணவனும் மனைவியும் 1437இல் அனுமதி பெற்று அங்கே பதின்மூன்று ஏழை முதியவர்களுக்கு நிறுவிய இல்லமும், கூடவே எழுப்பிய பள்ளியும் இன்றும் இயங்குகின்றன. பக்கத்துத் தேவாலயத்தில் ஆலிஸின் கல்லறை. மேலே முழு அலங்காரத்தில் அலபாஸ்டர் கல்லில் சிலை. அடியில் வற்றி உலர்ந்த பிணமாக அதே ஆலிஸ். கீழ் அறையின் கூரையில் ஓவியங்கள் உண்டு, தரையில் படுத்தால்தான் தெரியும்.

தொடரின் அடுத்த பகுதியில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். கல்லறையின் படம் போடுவதானால் இரண்டு சிலைகளும் தெரியும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்