இந்தத் தடவை கிரியாட்டினின் கேட்கவில்லை

கண்ணா,

மூன்று நாளாக நீ போன் எடுக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், தெரியும். ஆனால் வியாழக்கிழமை நீ போகவே இல்லையாமே. மலர் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே. சனிக்கிழமை போனாயாம், அதுவரை சரி. ஒரு நாள் விட்டாலும் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே நீதானே!

வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம். ஊசி குத்தும்போதும் நர்ஸிடம் ஜோக் அடிப்பாய். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த ஜோக்கெல்லாம் எனக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீரை அளந்து குடி. எடை ஏறவிடாதே.

தூக்கம் வருகிறதா? உன் டாக்டரிடம் பேசினேன். அசதி, தூக்கமின்மை, பசி எடுக்காதது எல்லாம் சிறுநீரகக் கோளாறாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால் பலருக்கு மனச்சோர்வு கண்ணில் படாமலே போய்விடுகிறதாம். டயாலிசிஸ் செய்கிறவர்களில் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு இருக்குமாம். பேச்சு சிகிச்சையை அந்த டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியேகூடச் செய்யலாமாம். மாத்திரையும் உண்டு. ஆனால் உன் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் வாங்கிப் போடாதே, சிறுநீரகத்துக்குத் தகுந்தபடி அளவு பார்த்துத்தான் தரவேண்டும். தண்ணீரையும் அளந்து குடி. சொல்லிவிட்டேனா?

அன்று ராத்திரி, "போதும்மா, எதுக்கு இதெல்லாம்" என்றாய். நான் "வாயைக் கழுவு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லைடா, பயம். அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று மட்டுமே கேட்டேன். நீயும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாய். அப்பா கடைசி வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, அப்போதும் நான் மாத்திரை நேரத்தைத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன தடவை வந்தபோது, நீ தூங்கிய பிறகு உன் இடக்கையில் டயாலிசிஸ் ஊசி குத்துகிற ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்துப் பார்த்தேன். ரத்தம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். நாற்காலி பக்கத்தில் உட்காருகிறேன். அன்று சொன்னதை மறுபடி சொல். சாகலாம் போலத் தோன்றினால் அதையும் சொல். ராத்திரியில் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதே, மலரை எழுப்பு, டாக்டரைக் கூப்பிடச் சொல். எனக்கும் போன் அடி. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா